அடிமையாய்ப் பிறந்து அவையேறிய இராபர்ட் ஸ்மால்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கரையில் தென் கரோலினா என்னும் மாநிலம் உள்ளது. கடற்கழிகளும் தீவுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த நாடு அது. அந்தச் சதுப்பை வெட்டித் திருத்தி நெல்வயலாக்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட கருப்பின மக்கள். அவர்தம் வழிவந்த ஒருவர், பிறக்கும்போதே பிறரது உடைமை என்று எழுதப்பட்டவர், பின்னாளில் அம்மாநிலத்தின் பிரதிநிதியாக வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்றத்தில் ஐந்து அவைக்காலங்களில் வீற்றிருந்தார். அவரே இராபர்ட் ஸ்மால்ஸ். பகைவரின் போர்க்கப்பலைக் கைப்பற்றி விடுதலை அடைந்த வீரர் என்றே உலகம் அவரைப் போற்றுகிறது. போற்றத்தக்க செயல்தான், ஐயமில்லை. ஆயினும் அஃது ஓர் இரவில் தொடங்கி விடியலில் முடிந்துபோயிற்று. அதன்பின் ஒரு தொகுதியைக் காப்பதற்காக அவர் இருபதாண்டுகள் போராடினார். அதனைப் பலர் அறியார். நம் இளைஞர் அறியவேண்டியது அதுவே என்று கருதி, இக்கட்டுரையில் அதனையே சற்று விரித்து எழுதுகிறோம்.

வரலாற்றுக்குள் புகுமுன் அந்நாட்டு முறையைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் நலம். காங்கிரஸ் என்றவுடன் நமக்கு ஒரு கட்சியின் பெயரே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது நாடாளுமன்றத்தின் பெயர். அதன் கீழவையாகிய பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் உண்டு. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுத்து அவ்விடங்களைக் கூட்டியும் குறைத்தும் அமைப்பார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும். நம் நாட்டில் தொகுதிகளின் எல்லையை வகுக்கத் தனி ஆணையம் அமைக்கிறோம். தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகளும் இருக்கின்றன. அங்கே ஒதுக்கீட்டுத் தொகுதி என்பதே கிடையாது. எல்லைக்கோட்டைப் பெரும்பாலான மாநிலங்களில் அம்மாநிலச் சட்டமன்றமே வரைகிறது. எனவே சட்டமன்றம் எவர் கையில் இருக்கிறதோ அவர் கையிலேயே வரைகோலும் இருக்கும்.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. 1787ஆம் ஆண்டில் இயற்றிய அரசியலமைப்பின்படி, மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டனர். அடிமைக்கு வாக்கு இல்லை; ஆனால் அவன் தலையை எண்ணி ஆண்டையின் மாநிலத்திற்கு இடம் கூடும். ஸ்மால்ஸ் பிறந்தபோது அந்தக் கணக்கில் அவர் முக்கால் ஆள்கூட அல்லர்.

அவர் பிறந்தது 1839ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பியூஃபோர்ட் என்னும் கடற்கரை ஊரில். ஹென்றி மெக்கீ என்ற வெள்ளையரின் மாளிகைக்குப் பின்புறம் இருந்த குடிலே அவர் பிறந்த இடம். தாய் லிடியா அம்மாளிகையில் ஏவல் செய்தவர். மெக்கீ குடும்பத்தார் சிறுவனிடம் ஓரளவு பரிவு காட்டினர். அப்பரிவு கண்டு மகன் தன் நிலையை மறந்துவிடுவானோ என்று தாய் அஞ்சினார். வயல்களில் உழன்ற தம் இனத்தார் படும் பாட்டையும், கசையடி படுவோர் கட்டப்பட்டு நிற்பதையும் மகன் கண்ணாரக் காணும்படி செய்தார் என்பர். அந்தத் தாயின் அறிவை எண்ணி நாம் வியக்கிறோம். எழுத்தறியாத அவர் மகனுக்குக் கற்பித்த முதற்பாடம் இதுதான்.

1851ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வயதில், ஸ்மால்ஸ் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலிவேலைக்கு அனுப்பப்பட்டார். உழைப்பு அவருடையது, கூலி ஆண்டைக்கு. வாரம் ஒரு டாலர் மட்டும் கையில் கிடைத்தது. உணவு விடுதியில் ஏவல் செய்தார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் மூட்டை சுமந்தார், பாய் தைத்தார். நாளடைவில் சுக்கான் பிடிக்கும் தொழிலில் தேர்ந்து, சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் மேடுபள்ளம் ஒவ்வொன்றையும் மனத்தில் பதித்துக்கொண்டார். வழிகாட்டும் மாலுமி என்ற பெயர் கருப்பினத்தார்க்கு மறுக்கப்பட்டிருந்தது. வேலை அதுவே, பெயர் மட்டும் சக்கரம் பிடிப்பவன்.

1856இல் ஹன்னா என்னும் அடிமைப் பெண்ணை மணந்தார். ஒரு பெண்மகவு பிறந்தது. தாய் அடிமையானால் குழந்தையும் தாயின் ஆண்டைக்கே சொந்தம் என்பது சட்டம். மனைவியையும் மகளையும் மீட்க 800 டாலர் விலை பேசினார் ஸ்மால்ஸ். வாரம் ஒரு டாலர் பெறுபவர் 800 டாலர் சேர்ப்பது எக்காலம்? அதற்குள் போர் மூண்டது.

அடிமை முறையைக் காப்பதற்காகத் தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனிக்கூட்டு அமைக்க, 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. பிளாண்டர் என்னும் நீராவிக் கப்பலில் ஸ்மால்ஸ் சுக்கான் பிடிக்க அமர்த்தப்பட்டார். தென்னவர் படைக்குத் தளவாடம் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. 1862ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இரவு வெள்ளை அதிகாரிகள் மூவரும் கட்டளையை மீறிக் கரையில் தங்கச் சென்றனர். விடியுமுன் ஸ்மால்ஸும் உடனிருந்த அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினர். வேறொரு துறையில் ஒளிந்து காத்திருந்த தம் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டனர். கப்பல் தலைவரின் அகன்ற வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே கைகட்டி நின்று, ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது அதற்குரிய ஊதலைத் தவறாமல் ஊதிச் சென்றார் ஸ்மால்ஸ். சம்ட்டர் கோட்டைக் காவலர் ஐயுறவில்லை. பீரங்கி எட்டாத் தொலைவுக்குச் சென்றதும் கொடியை இறக்கி, வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினர். ஆன்வர்ட் என்னும் வட அரசுக் கப்பல் சுடுவதற்கு ஆயத்தமான நேரத்தில் அவ்விரிப்பு கண்ணில் பட்டது. மே 13ஆம் நாள் கதிரவன் எழுந்தபோது பிளாண்டரில் இருந்த அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றிருந்தனர். அப்போது ஸ்மால்ஸுக்கு வயது இருபத்து மூன்று.

அக்கப்பலோடு பீரங்கிகளும் தென்னவரின் அடையாளச் செய்திக் குறியேடும் வட அரசுக்குக் கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்மால்ஸ் வாஷிங்டன் சென்று ஆபிரகாம் லிங்கனையும் போர் அமைச்சர் ஸ்டான்டனையும் கண்டு, கருப்பினத்தாரைப் படையில் சேர்க்க வேண்டுமென வாதாடியவர்களுள் ஒருவரானார். தென் கரோலினாக் கரையில் ஐயாயிரம் பேர் வரை சேர்க்கலாம் என்று அம்மாதமே ஆணை பிறந்தது. 1863 ஏப்ரலில் கியோகக் என்னும் இரும்புக் கவசக் கப்பலுக்கு அவர் வழிகாட்டினார். ஏறத்தாழத் தொண்ணூறு குண்டுகள் பட்டு மறுநாள் அது மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். அவ்வாண்டு டிசம்பரில் பிளாண்டர் கடுந்தாக்குதலுக்கு ஆளானபோது அதன் வெள்ளைத் தலைவர் அஞ்சி ஒளிந்துகொள்ள, ஸ்மால்ஸ் பொறுப்பேற்றுக் கப்பலைக் காத்தார். அதன்பின் அவரே அக்கப்பலின் தலைவராக்கப்பட்டார்.

1864இல் கப்பலைப் பழுதுபார்க்கப் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். படித்தோர் நடுவே எழுதப் படிக்கத் தெரியாதவராய் இருப்பதன் துன்பம் அங்கே அவரை வருத்தியிருக்க வேண்டும். ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டு கற்றார். அந்நகரில் தெருவண்டியில் ஏறியவரை, கருப்பினத்தார் உள்ளே அமரக்கூடாதென்று சொல்லி இறக்கிவிட்டனர். போர்வீரர்க்கு நேர்ந்த இந்த அவமதிப்பு செய்தித்தாள்களில் எழுதப்பட்டது. தெருவண்டிகளில் வேற்றுமை கூடாதெனச் சில ஆண்டுகளில் சட்டமும் வந்தது. அதே காலத்தில் பியூஃபோர்ட்டில் வரிபாக்கிக்காக ஏலம் போன மெக்கீ மாளிகையை ஸ்மால்ஸ் வாங்கினார். எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாய்ப் பிறந்தாரோ அவ்வீட்டின் உரிமையாளரானார். அவ்வுரிமையை எதிர்த்து முன்னாள் உரிமையாளர் தரப்பில் தொடர்ந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று 1878இல் அவருக்கே வெற்றியாய் முடிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிறுவவும் அவர் முன்னின்றார்.

போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், 1868இல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பு வகுக்க மாநாடு கூடியது. ஸ்மால்ஸ் அதில் ஓர் உறுப்பினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வேண்டும் என்பது அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம். நான்காண்டுகளுக்கு முன்புதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியவர் அவர் என்பதை நம் கல்விக் கழகத்தார் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். அவ்வாண்டே மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கும், பின்னர் மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அக்காலத் தென் கரோலினாவில் கருப்பின மக்களே பெரும்பான்மையினர். 1870ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏழு இலட்சத்துச் சொச்சம் மக்களுள் நாலு இலட்சத்துப் பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் அவர்களே. சட்டமன்றக் கீழவையிலும் அவர்களே மிகுந்திருந்தனர். நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்த முதற் கருப்பினத்தவரான ஜோசஃப் ரெய்னி 1870இல் இம்மாநிலத்திலிருந்தே சென்றார். பின்னர் இராபர்ட் எலியட், டி லார்ஜ், ரான்சியர், ரிச்சர்ட் கெய்ன் எனப் பலர் சென்றனர். 1874இல் ஐந்தாம் தொகுதியில் வென்று ஸ்மால்ஸும் அவ்வரிசையில் சேர்ந்தார். பியூஃபோர்ட் உள்ளிட்ட கடலோரப் பகுதி அத்தொகுதியில் அடங்கியிருந்தது. பழைய ஆண்டைகளின் கோட்டையான எட்ஜ்ஃபீல்டும் அதில் சேர்ந்தே இருந்தது.

இவ்வளவு உரிமையும் எத்தனை நாள் நிலைக்கும்? 1876 ஜூலையில் ஹாம்பர்க் என்னும் சிற்றூரில் கருப்பினக் காவற்படையினரை வெள்ளையர் கும்பல் வளைத்துப் பிடித்து, பிடிபட்டவர்களுள் சிலரைச் சுட்டுக் கொன்றது. தென் கரோலினாவிலிருந்து கூட்டரசுப் படையை விலக்கக் கூடாதென்று ஸ்மால்ஸ் நாடாளுமன்றத்தில் வாதாடினார், பயனில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் சிவப்புச் சட்டையினர் எனப்பட்ட ஆயுதக் கூட்டத்தார் குதிரையேறி ஊர் ஊராய் அச்சுறுத்தினர். எதிர்த்து நின்ற எட்ஜ்ஃபீல்டுக்காரர் ஜார்ஜ் டில்மன். அத்தனைக்கும் நடுவில் ஸ்மால்ஸ் வென்றார். ஆனால் மாநில ஆட்சி எதிரிகள் கைக்குப் போயிற்று. 1877இல் கூட்டரசுப் படையும் விலகியது.

அவ்வாண்டே அவர்மீது வழக்கு வந்தது. மாநில மேலவையில் இருந்தபோது அச்சு ஒப்பந்தம் ஒன்றில் 5,000 டாலர் கையூட்டுப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவருக்கு எதிராய்ச் சாட்சி சொன்ன முதன்மையானவர், தாமே அக்குற்றங்களில் சிக்கித் தமக்குத் தண்டனையில்லை என்ற உறுதி பெற்று வந்தவர். 1879இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். தேர்தல் குற்றங்களுக்காக வெள்ளையர் கட்சியினர்மீது கூட்டரசு தொடர்ந்த வழக்குகள் அதற்கு ஈடாகக் கைவிடப்பட்டன. இவ்வழக்கை மறைத்து எழுதுதல் முறையாகாது என்பதால் குறிப்பிடுகிறோம். அரசியலிலிருந்து அவரை விலக்கவே இது தொடுக்கப்பட்டது என்பதே நம் கருத்து. அவர் விலகவில்லை.

1878 தேர்தலின்போது கில்லிசன்வில் என்னும் ஊரில் அவர் பேச வந்தபோது நூற்றுக்கணக்கான சிவப்புச் சட்டையினர் சூழ்ந்துகொண்டனர். ஸ்மால்ஸும் உடனிருந்த சிலரும் ஒரு கடைக்குள் புகுந்து கதவடைத்தனர். குண்டுகள் சுவரைத் துளைத்தன. செய்தி பரவியது. சுற்றுப்புறக் குடியானவர்கள், ஆண்களும் பெண்களும், துப்பாக்கியும் மண்வெட்டியும் கோடரியும் கையிற்கொண்டு திரண்டு வந்தனர். வந்த கூட்டத்தைக் கண்டு சிவப்புச் சட்டையினர் அகன்றனர். தம் பிரதிநிதியை மக்கள் அவ்வாறு காத்தனர். ஆயினும் அத்தேர்தலில் வெற்றி டில்மனுக்கே என்று அறிவிக்கப்பட்டது.

1880இலும் அவ்வாறே அறிவித்தனர். இம்முறை ஸ்மால்ஸ் விடவில்லை. தேர்தல் பூசல்களைத் தீர்க்கும் அதிகாரம் பிரதிநிதிகள் சபைக்கே உண்டு. எட்ஜ்ஃபீல்டில் நடந்த மிரட்டலுக்குச் சான்று திரட்டி அங்கே முறையிட்டார். தீர்ப்பு நாளன்று எதிர்க்கட்சியினர் குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கை சேராதிருக்கட்டும் என்று அவையைவிட்டு வெளியேறினர். அவ்வாறும் எண்ணிக்கை சேர்ந்தது. 1882 ஜூலையில் ஸ்மால்ஸ் இருக்கையில் அமர்ந்தார். ஆனால் அவ்வவையின் ஆயுளில் எட்டு மாதங்களுக்கும் குறைவே எஞ்சியிருந்தது.

துப்பாக்கியால் முடியாததை எதிரிகள் இனிச் சட்டத்தால் செய்ய முனைந்தனர். 1880ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மாநிலத்துக்கு ஐந்தாயிருந்த இடங்கள் ஏழாயின. அடிமை முறை ஒழிந்தபின் கருப்பினத்தாரை ஐந்துக்கு மூன்றாக எண்ணும் வழக்கம் போய், முழு ஆளாக எண்ணினர். மாநில மக்களில் நூற்றுக்கு அறுபதின்மர் அவர்களே. ஆகவே அவர்கள் தலையால் கிடைத்த இடங்களே பெரும்பாலானவை. இனி அவ்வேழு இடங்களையும் எவ்வாறு வெள்ளையர்க்கே ஆக்குவது? 1882இல் சட்டமன்றம் வரைபடத்தை விரித்தது. கருப்பின மக்கள் செறிந்த பகுதிகளை எல்லாம் பொறுக்கி எடுத்து ஒரே தொகுதியில் திணித்தது. அதுதான் ஏழாம் தொகுதி. கடலோரப் பியூஃபோர்ட்டிலிருந்து உள்நாட்டுச் சம்ட்டர் வரை, வெள்ளையர் ஊர்களை விலக்கி, வளைந்து நெளிந்து சென்றது அதன் எல்லை. செருப்புக் கயிறு என்றும் மலைப்பாம்பு என்றும் அத்தொகுதிக்கு மக்கள் பெயரிட்டனர். ஏழாம் தொகுதியில் வாக்குகள் அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கும்; மற்ற ஆறிலும் பற்றாமற் போகும். அறுபது விழுக்காட்டு மக்களுக்கு ஏழில் ஒன்று!

அந்த ஒன்றும் எளிதிற் கிடைத்துவிடக் கூடாதென்று அதே ஆண்டு எட்டுப்பெட்டிச் சட்டம் என்று ஒன்றை இயற்றினர். ஆளுநர்க்கு ஒரு பெட்டி, நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஒரு பெட்டி என எட்டு வகைப் பதவிகளுக்குத் தனித்தனிப் பெட்டிகள். பெட்டி மாறி விழுந்த சீட்டு செல்லாது. எந்தப் பெட்டி எதற்கு என்பது பெட்டியின்மேல் எழுதியிருக்கும். எழுத்தறியாதவன் என் செய்வான்? பிறர் சொல்லிக்கொடுத்த வரிசையை மனப்பாடம் செய்து வந்தாலும் தேர்தல் அலுவலர் நடுவில் பெட்டிகளை இடம் மாற்றிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளையர்க்கு மட்டும் அவரே வழிகாட்டுவார். அடிமைக்கு எழுத்துக் கற்பித்தல் குற்றம் என்று 1834இல் சட்டம் செய்த மாநிலம், அதே எழுத்தறியாமையைக் காரணமாக்கி அவன் வாக்கைப் பறித்தது. இச்சூழ்ச்சியை விளக்க நமக்குக் கடுஞ்சொல் எதுவும் தேவையில்லை.

செருப்புக் கயிற்றுத் தொகுதியில் 1882இல் வென்றவர், ஸ்மால்ஸின் கட்சியைச் சேர்ந்த எட்மண்ட் மேக்கி என்னும் வெள்ளையர். அவர் 1884 தொடக்கத்தில் இறக்கவே, அவ்விடத்திற்கு ஸ்மால்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் வென்றார். தம் பகுதியான போர்ட் ராயல் துறைமுகத்தைக் கடற்படை நிலையமாக்கவும், இரயில் பயணத்திலும் உணவு விடுதிகளிலும் இனவேற்றுமை ஒழியவும் அவையில் முயன்றார். போரின்போது அடிமைகளை விடுவிக்க முற்பட்ட படைத்தலைவர் ஹண்டரின் மனைவிக்கு ஓய்வூதியம் கோரி அவர் கொண்டுவந்த சட்டம் அவையில் நிறைவேறியும் குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து அதனைத் தள்ளுபடி செய்தார். 1886 தேர்தலில் வில்லியம் எலியட் என்பவர் வென்றதாக அறிவித்தனர். ஸ்மால்ஸ் மீண்டும் முறையிட்டார். இம்முறை அவை அவர் பக்கம் நிற்கவில்லை. 1887 மார்ச்சோடு அவருடைய நாடாளுமன்ற வாழ்வு முடிந்தது.

1895இல் மாநில அரசியலமைப்பை மாற்ற ஒரு மாநாடு கூடியது. கருப்பினத்தார் வாக்குரிமையை ஒழிப்பதே நோக்கம் என்று அதைக் கூட்டியவர்கள் மறைக்கவில்லை. அதனை முன்னின்று இயக்கியவர் பெஞ்சமின் டில்மன். முன்னே சொன்ன ஜார்ஜ் டில்மனின் தம்பி. 160 உறுப்பினருள் கருப்பினத்தார் அறுவர். அவருள் ஸ்மால்ஸ் ஒருவர். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அவர் கைப்பட உருவான அரசியலமைப்பை அவர் கண்முன்னே கிழித்தெறியும் கூட்டம் அது. கலப்பு மணத்தைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கருப்பினப் பெண்ணோடு முறையின்றி வாழும் வெள்ளையன் எப்பதவியும் வகித்தல் ஆகாது. அவனுக்குப் பிறக்கும் குழந்தை அவன் பெயரையே தாங்கும் என்பது அத்திருத்தம். அவை திகைத்துப் போயிற்று. திருத்தம் தோற்றது, ஆயினும் நெஞ்சில் தைக்கவேண்டியவர்க்குத் தைத்தது. இறுதியில், தலைவரியும், அரசியலமைப்பில் காட்டிய பிரிவைப் படித்தோ விளக்கியோ காட்டவேண்டும் என்ற விதியும், 300 டாலர் சொத்துக் கணக்கும் வாக்குரிமைக்கு நிபந்தனைகளாயின. அவ்வாவணத்தில் கையெழுத்திட ஸ்மால்ஸ் மறுத்துவிட்டார். கையெழுத்திடாதார்க்கு வழிச்செலவுப்படி இல்லை என்று பேச்செழுந்தபோது, நடந்தே ஊர் போய்ச் சேர்வேன் என்ற முடிவில் இருந்தார்.

பிற்காலத்தில் பியூஃபோர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1913இல் வில்சன் ஆட்சி வந்ததும் அப்பதவியும் போயிற்று. 1915 பிப்ரவரியில், தாம் பிறந்த குடிலுக்கு முன்னிருந்த அதே மாளிகையில், எழுபத்தைந்தாம் வயதில் மறைந்தார். பியூஃபோர்ட்டில் டேபர்னக்கிள் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. 2023இல் அமெரிக்கக் கடற்படை தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டில், மாநிலச் சட்டமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்கச் சட்டம் நிறைவேறியது.

அவருக்குப்பின் செருப்புக் கயிற்றுத் தொகுதியிலிருந்து தாமஸ் மில்லரும் ஜார்ஜ் மர்ரேயும் நாடாளுமன்றம் சென்றனர். மர்ரே 1897இல் வெளியேறினார். அடுத்த கருப்பினப் பிரதிநிதியாக ஜேம்ஸ் கிளைபர்ன் 1993இல் ஆறாம் தொகுதியிலிருந்து அவையேறும் வரை தொண்ணூற்றாறு ஆண்டுகள் தென் கரோலினாவிலிருந்து ஒருவரும் செல்லவில்லை. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்குப்பின் சட்டமன்றம் மீண்டும் வரைகோலை எடுத்தது. சார்ல்ஸ்டன் வட்டாரத்துக் கருப்பின மக்கள் ஏறத்தாழ 30,000 பேரை முதல் தொகுதியிலிருந்து பிரித்து ஆறாம் தொகுதியில் சேர்த்தது. இனங்கருதிச் செய்த வேலை இது என்று 2023இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் தீர்ப்பளித்தது. கட்சி ஆதாயங்கருதிச் செய்ததே தவிர இனங்கருதி அன்று என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றப் பெரும்பான்மை நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றினர். அவ்வழக்கிற்குரிய வரைபடத்தில் பியூஃபோர்ட் நகரம் முதல் தொகுதியில் இருந்தது.